சீட்டில் எழுதாதீங்க தம்பி

1990களின் தொடக்கத்தில் மூணாறு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சக்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் அன்றைக்குப் பெரும்பாலும் மூத்திரத்தில்தான் பார்ப்போம். டெஸ்ட் டியூபில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சக்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் நிறைய. டியூபின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், பொங்கினால் முகத்தில் தெறிக்கும் என்பதுதான் எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம்.

இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு. ரத்தத்தில் சக்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் மூத்திரத்தில் இறங்கும். 140, 150 என்று மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரரை நீலத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும். அப்படிப்பட்டவர்கள் எங்களிடம் வந்ததே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

காய்ச்சலுக்கு வருவார்கள், கவாத்துக் கத்தி பட்ட வெட்டுக்கு வருவார்கள், அட்டை கடித்துப் புண்ணாகிப்போன காலோடு வருவார்கள். ஒன்றும் இல்லாதபோது எதற்கு ஆஸ்பத்திரி? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அன்றைக்கு எஸ்டேட்டுக்கு எஸ்டேட் வைத்திய வசதி இருந்தாக வேண்டியிருந்தது. அதனால் கீழே தேனிப் பக்கத்துக் கிராமங்களில் இல்லாத டிஸ்பென்சரியும் நர்சும் எங்கள் மலையில் இருந்தார்கள். பிள்ளைப்பேறு, தடுப்பூசி எல்லாம் கணக்காக நடந்தது. ஆனால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்த பெண்ணுக்கு, அதற்குப் பிறகு 58 வயதில் வேலையிலிருந்து நிற்கிற வரைக்கும், எங்கள் ரிஜிஸ்டர்களில் பக்கமே கிடையாது. முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் அவளை யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் மாட்டுப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1953இல் கட்டி முடித்த அணையும் படகும்தான் நினைவுக்கு வரும். 1963இல் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய மாட்டுப் பண்ணையும் இங்கேதான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் பால் கணக்கு, வம்சக் கணக்கு எல்லாம் எழுதி வைப்பார்கள். லயத்துப் பெண்கள், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிப் பெண்கள், இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்: “அந்த மாடா பொறந்திருந்தா நமக்கும் ஒரு நோட்டு இருந்திருக்கும்ல?”

குண்டளைப் பக்கம் ஒரு டிவிஷனிலிருந்து ஒரு அக்கா வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கொளுந்துக் காட்டில் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறார் என்று கூட இருந்தவர்கள் வற்புறுத்தி அனுப்பியிருந்தார்கள். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஆறாத புண். ஈரத்தில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிற காலுக்கு அது சகஜம்தான் என்று அவரே விளக்கமும் சொல்லிவிட்டார். விளக்கில் காட்டிய டியூப் ஒரு நிமிஷத்துக்குள் செங்கல் நிறத்துக்குப் போனது. நான் சீட்டை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சீட்டில எழுதாதீங்க தம்பி. வாயில சொல்லுங்க, நான் ஞாபகம் வச்சுக்கிறேன்.”

நான் லயத்தில் பிறந்தவன் என்பதால் அவர் காரணம் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் வீடு எங்களுடையது இல்லை. வேலை இருக்கும் வரை வீடு. வேலையிலிருந்து நின்றால் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்து அந்த வீட்டைத் தாங்க வேண்டும். மூன்று தலைமுறை இருந்த மலையில் கால் சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். இந்த நிலையில் ‘சக்கரை’ என்று எழுதிய காகிதம் ஆபீஸ் மேசைக்குப் போனால் என்ன ஆகும்? ‘இவளால் மலை ஏற முடியாது’ என்று யாராவது முடிவு கட்டிவிட்டால்? அப்படி யாரையும் அனுப்பியதை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பயத்துக்குச் சாட்சி தேவையில்லை. மகன் படிப்பு முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று பெண்கள் தங்கள் நோயைத் தள்ளிவைத்தார்கள்.

படித்தவர்கள் இதை ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அக்காவுக்குச் சக்கரை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். சக்கரையில் காலை எடுத்துக் கண்ணும் போன தாயை அவரே பார்த்துக்கொண்டவர். காகிதம் எங்கே போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு எங்கள் டாக்டரிடம் பேசி ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். முடிவு எழுதிய சீட்டு சம்பந்தப்பட்டவர் கைக்கு மட்டும். எங்கள் நோட்டு எங்கள் அலமாரியில். சின்ன ஏற்பாடுதான், ஆனால் ஆள் வரத்து கூடியது. டிவிஷன்களுக்குப் போய் நடத்தும் பரிசோதனை முகாமில் மேசையை எங்கே போடுவது என்பதும் அப்போது பிடிபட்டது. காலையில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது மஸ்டரில்தானே, அங்கே போட்டால் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் மேலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் அங்கே சூப்பர்வைசர் நிற்பார். அவர் கண் முன்னால் எவரும் கையை நீட்ட மாட்டார்கள். கோயில் மண்டபத்திலோ மாதா கோயில் திண்ணையிலோ மேசையைப் போட்டால், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மூணாறு சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்பாகப் போட்டால், வரிசை நிற்கும். வேலை நாளில் பாதி நாள் என்றால் பாதிக் கூலி போகும். கொளுந்து கொட்டும் மாதங்களில் முகாம் வைப்பது வீண் வேலை. 21 கிலோவுக்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு கிலோவும் தனிக் காசு; அதை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

முகாமுக்குப் போகும் வழியில் ஆனை நிற்பதும் உண்டு. இப்போது ‘படையப்பா’ என்று பேர் வாங்கிய கொம்பன் ஒருவன் மாட்டுப்பட்டி ரோட்டில் அடிக்கடி வந்து நிற்கிறான். அவன் நகர்கிற வரைக்கும் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முகாம் நேரத்தை அவன் தீர்மானிப்பான்.

மலைக்கென்று சில பாடங்கள் உண்டு. எந்தப் புத்தகமும் எனக்கு அவற்றைச் சொல்லவில்லை. மாட்டுப்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். ஒரு பெண்ணின் சீட்டில் 12 என்று வந்தால் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடக் கூடாது. அரைக் கிராமுக்கு மேல் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தால் ரத்தசோகை. சமவெளியிலிருந்து வந்து முகாம் நடத்திவிட்டுப் போகிறவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது குளிர். செண்டுவாரைப் பக்கம் ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்தக் காலையில் விரலைக் குத்தினால் ரத்தம் வராது. பிழிந்தால் நீர் கலந்து அளவு மாறிப்போகும். சுடுதண்ணீர்ப் போசியில் கையை வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் குத்துவோம். குளுக்கோமீட்டருக்கும் குளிர் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் பல மீட்டர்கள் எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு போவேன்.

பிரஷர் பார்ப்பதில் நடக்கிற கூத்து தனி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். கழற்றக் கூச்சப்படுகிறார்கள் என்று அதற்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். கையை மேலே சுருட்டி ஏற்றினாலும் தப்பு, அது கையை இறுக்கும். ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, உள்ளே ஒரு அக்காவை உட்காரவைத்துக் கையைச் சட்டைக்கு வெளியே எடுக்கச் சொன்னோம். ஏறி வந்த மூச்சு அடங்க ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரச் சொல்ல வேண்டும். பத்து அறை லயத்துப் பெண்கள் ஒன்றாக வந்தால் பேசாமல் உட்காருவது நடக்கிற காரியமா!

வெறும் வயிற்றில் வரச் சொல்வது இன்னொரு கதை. “சாப்பிட்டீங்களா அக்கா?” “இல்ல தம்பி.” ரத்தம் எடுத்து முடித்த பிறகு, “கட்டஞ்சாயா மட்டும் குடிச்சேன்” என்பார். மூன்று கரண்டிச் சக்கரை போட்ட சாயா. அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. விடிந்ததும் கண்ணைத் திறப்பது மாதிரி அது. ஆகவே சாப்பிட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, சாயா குடிச்சாச்சா என்று கேட்கத் தொடங்கினேன். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனைக்கு இந்த வம்பு இல்லை. ஆனால் அதற்கும் ஒரு கண்ணி உண்டு: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது பொய்யாகக் கூடுதல் காட்டும். எங்கள் பெண்களில் பாதிப்பேர் வெளிறித்தான் இருப்பார்கள். எல்லையில் நிற்கும் எண் வந்தால் வெறும் வயிற்றுச் சக்கரையோடு ஒத்துப் பார்க்காமல் நான் சீட்டை விடுவதில்லை.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்கிற சோதனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. மழைக்கும் குளிருக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலை அடக்கிக்கொண்டே கொளுந்து எடுப்பார்கள். அடக்கிய பக்கத்துக் கன்னத்தின் உள்ளே மிளகளவு வெள்ளைத் திட்டு இருக்கும். துணியால் துடைத்தால் போகாது. வலிக்காது, எரியாது, அதனால் யாருக்கும் தெரியாது. திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற ஆட்கள், மருத்துவம் படிக்காத பட்டதாரிகள்தான், வீடு வீடாகப் போய் இப்படி வாயைப் பார்த்தார்கள். புகையிலை, குடி பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். டார்ச்சும் கண்ணும்தான் செலவு.

மலைக்கு இந்தப் பக்கம் அது என்றால், அந்தப் பக்கம் திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னொன்று நடந்தது. 2000இல் தொடங்கி, முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையான பெண்களுக்கு நர்சுகளே கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சதவீதம்கூட அல்ல. வெள்ளைத் திட்டு தெரிந்தால் சிகிச்சையையும் கூடுமானவரை அன்றைக்கே, அங்கேயே முடித்து அனுப்பினார்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லவில்லை. எங்கள் மலையில் அடுத்த வாரம் என்றால் இன்னொரு நாள் கூலி, ஜீப் வாடகை, துணைக்கு ஒருவர், அவருடைய கூலி. முதல் முறை வருகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு முகாமை எடை போட வேண்டும். முகாமுக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று பேனர் கட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

2015 செப்டம்பரில் தோட்டத்துப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பேரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டுத் தொடங்கிய போராட்டம். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய்; பின்னால் 301 ஆனது. நாடே அதைக் கூலிப் போராட்டமாகப் பார்த்தது, சரிதான். எனக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. கேமரா முன்னால் ஒரு பெண் தன் முட்டியைக் காட்டி, முதுகைக் காட்டி, கருப்பை இறங்கியதைப் பற்றிக்கூடப் பேசினார். முப்பது வருஷம் கூடை சுமந்த உடம்பைப் பற்றி வெளியாளிடம் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அதற்கடுத்த முகாம்களில் பேச்சே மாறியிருந்தது. “எழுதிக் கொடுங்க. சீட்டு என் கையில இருக்கட்டும். நாளைக்கு இடுப்பு போச்சுன்னா எதனால போச்சுன்னு காட்ட வேணாமா?” என்றார் ஒருவர். ஒளித்துவைத்த காகிதத்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் அந்தத் திசை எனக்குத் தெரிந்தது.

ஆண்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அவர்கள் வருவதில்லை. மருந்து அடிக்கிறவர்கள், பாக்டரிக்காரர்கள், இப்போது டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் கேட்க அரசாங்கத்தின் படிவம் ஒன்று இருக்கிறது. ஆஷா பணியாளர் வீட்டுக்கே வந்து புகையிலை, குடி, நடை, குடும்பத்தில் யாருக்கு நோய் என்று கேட்டு இடுப்பைச் சுற்றி டேப்பை வைப்பார். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80ஐத் தாண்டினால் மதிப்பெண் ஏறும். மலை ஏறி இறங்குகிற பெண்களுக்கு அந்த டேப்பில் ஒன்றும் சிக்காது. சிக்குவதெல்லாம் ஸ்டியரிங் முன்னால் பத்து மணி நேரம் உட்காருகிற ஜீப் டிரைவர்தான். “மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க அண்ணே” என்று ஆஷா சொல்வதும் அவர் இன்னும் இழுப்பதும் தினமும் நடக்கும். 2022இல் இருந்து கேரளத்தில் இதெல்லாம் ‘சைலி’ என்ற ஆப்பில் ஏறுகிறது. லயத்துக்குள் சிக்னல் கிடைக்காத இடத்தில் முதலில் பேப்பரில் எழுதி, மேட்டில் ஏறி நின்று ஆப்பில் ஏற்றுகிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் இரண்டு மாநிலத்தில். உடனடிக்கு மூணாறு, அடிமாலி. பெரிய நோய்க்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், அல்லது போடிமெட்டு இறங்கித் தேனி மெடிக்கல் காலேஜ். சொந்தபந்தம் தேனிப் பக்கம் இருப்பதால் பலரும் அங்கேயே பிரஷர் மாத்திரையை மாதக் கணக்கில் வாங்கி வருவார்கள். 2020இல் கொரோனாவுக்குப் போடிமெட்டை அடைத்தபோது இந்த ஏற்பாடு ஒரே நாளில் அறுந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை. “வெள்ளையா, வட்டமா, நடுவுல கோடு போட்டது” என்பார்கள். காலி அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் மிச்சமிருந்த எழுத்தைப் படித்துப் பேரைக் கண்டுபிடித்தோம். இங்கே கொடுக்கும் சீட்டு மலையாளத்தில் இருக்கும். தேனி டாக்டருக்கு அதனால் பயன் இல்லை. அந்தக் காலத்திலிருந்து சீட்டின் பின்பக்கம் எண்ணையும் மாத்திரைப் பேரையும் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். மறு வருஷம் ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. போடியில் இருக்கும் அக்காவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மாட்டுப்பட்டியில் இருக்கும் தங்கை மாத்திரைக்காக ஜீப் பிடிக்கிறாள் என்று இரண்டு பேரும் போனில் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் பைலோடு வருகிறது. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துப்போய் ‘மாஸ்டர் செக்கப்’ செய்து அனுப்புகிறார்கள். எழுபது, எண்பது சோதனைகள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் தடித்த எழுத்தில் நாலு எண்கள் இருக்கும். அதைப் பார்த்துத் தூக்கம் போய்விடும். இத்தனை சோதனை செய்தால் ஏதாவது ஒன்றிரண்டு கோட்டைத் தாண்டியே தீரும். நாற்பது வயதுக்காரருக்குக் காரணமில்லாமல் புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனைகளைப் பேக்கேஜில் சேர்ப்பது வியாபாரம் என்பது என் அபிப்பிராயம். 2019இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுவான ஹெல்த் செக்கப்பால் சாவு குறையவில்லை என்று சொன்னார்கள். அந்தச் சோதனைகள் நடந்தவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். அங்கே தலைவலிக்குப் போனாலும் டாக்டர் கையோடு பிரஷரைப் பார்த்துவிடுவார். இருபது வருஷமாக யாருமே பட்டை சுற்றாத கையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பிரஷர், சக்கரை, வாய், மார்பு, கருப்பை வாய் இவற்றை ஒழுங்காகப் பார்த்து, கண்டதற்கு மாத்திரை தவறாமல் கிடைக்கச் செய்தால் எங்கள் மலைக்கு அது போதும். மிச்ச எழுபதுக்கு ஆகிற காசை இரண்டாவது முறை வருகிற ஜீப் வாடகைக்குக் கொடுத்துவிடலாம்.

லயங்களில் ஆள் மாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த அறைகளில் ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. இன்றைக்கு இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள். பத்து வருஷத்தில் இவர்கள்தான் எங்கள் வரிசையில் நிற்கப்போகிறவர்கள். போன முகாமில் ஒருவர் விரலைக் குத்திய பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு இந்தி வராது, ஆனால் கேள்வி புரிந்தது. “நஹி, நஹி” என்று தலையாட்டினேன். மூணாறு பள்ளிக்கூடம் ஒன்றில் பிளஸ் டூ படிக்கும் அவர்கள் வீட்டுப் பையன் ஒருவன் நன்றாகத் தமிழ் பேசுகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை மேசையில் உட்காரவைத்து, சீட்டின் பின்பக்கம் இந்தியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.